ப்ராசஸர் கொதிக்கிறது, ஃபேன் அலறுகிறது: அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

தக்கலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் என் மேசைக்கு வரும் சிபியூக்களில் பலவும் ஒரே புகாரோடுதான் வரும். "அண்ணே, சிஸ்டம் கெடந்து அலறுது. சூடும் தாங்கல. நல்ல கூலரா ஒண்ணு மாட்டித் தாங்க." மாட்டித் தருவது பெரிய வேலை இல்லை. ஆனால் பழைய ஹீட் சிங்க் (ப்ராசஸரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகள்) நிஜமாகவே போதவில்லையா, அல்லது அது ப்ராசஸரைச் சரியாகத் தொடவே இல்லையா என்று பார்க்காமல் ஒருவரைச் செலவு செய்ய வைக்க எனக்கு மனம் வருவதில்லை. அப்படிப் பார்க்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் ஒரு விஷயம். சூடும் சத்தமும் தனித்தனிப் பிரச்சினை இல்லை. ஃபேனை முழு வேகத்தில் ஓட்டினால் சாதாரண ஹீட் சிங்க்கூட நன்றாகக் குளிரும். வேகத்தைக் குறைத்தால் எந்தக் கூலரும் அமைதியாக இருக்கும். "இந்தக் கூலர்ல 65 டிகிரிதான்" என்று ஒருவர் சொன்னால், எத்தனை ஆர்.பி.எம்.மில் (ஃபேன் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று), எத்தனை வாட்டில், எவ்வளவு சூடான அறையில் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் அந்த 65-ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கழற்றுவதற்கு முன் நான்கு எண்

ஒரு தாளை எடுத்து நான்கு எண்களை எழுதுங்கள்: அறையின் வெப்பம், ப்ராசஸர் வெப்பம், ப்ராசஸர் இழுக்கும் வாட், ஃபேனின் ஆர்.பி.எம். பின்னால் சொன்ன மூன்றையும் எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். அறை வெப்பத்துக்கு மருந்துக்கடையிலோ ஆன்லைனிலோ கிடைக்கும் சின்ன அறை வெப்பமானி போதும். அதைச் சுவரில் மாட்டாமல், கேபினெட் காற்றை உள்ளே இழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மேசைக்கு அடியில் ஒடுங்கிய இடத்தில் நிற்கும் கேபினெட் இழுக்கும் காற்று, அறையின் நடுவில் இருக்கும் காற்றைவிடச் சூடாக இருக்கும்.

ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்க சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருள் நல்லது. பத்து நிமிட ஓட்டம் அதிலேயே இருக்கிறது. ஓடி முடியும் தறுவாயில் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ப்ராசஸர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழியுங்கள். இந்த வித்தியாசம்தான் ஹீட் சிங்க்கின் உண்மையான மதிப்பெண். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு 85 காட்டும் சிஸ்டம், அதிகாலையில் 76 காட்டலாம். ஹீட் சிங்க் மாறவில்லை, கூரைதான் ஆறியிருக்கிறது.

அறிகுறி: வேலை கொடுத்த நொடியே 90-ஐத் தாண்டுகிறது

வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை வைத்தே கோளாறு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். ஹீட் சிங்க் என்பது கனமான உலோகம். அது சூடேற நேரம் பிடிக்கும். வேலை கொடுத்த ஒன்றிரண்டு நொடியில் எண் 90-க்குப் போய்விட்டால், சூடு உலோகத்துக்குள் போகவே இல்லை என்று அர்த்தம். புதிய ப்ராசஸர்களில் சிலிக்கான் சில்லு சிறியது, அதனால் 15, 20 டிகிரி சட்டென்று ஏறுவது இயல்புதான். நான் சொல்வது 40-லிருந்து ஒரே தாவலாக 95-க்குப் போவதை.

உறுதி செய்ய ஒரு விரல் போதும். ஐந்து நிமிடம் ஓடியபின், ஃபேன் இறக்கையில் படாமல் ஹீட் சிங்க்கின் தகட்டைப் பக்கவாட்டில் தொட்டுப் பாருங்கள். திரையில் 95 என்று காட்ட, தகடு வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் கோளாறு தொடர்பில், அதாவது ஹீட் சிங்க் ப்ராசஸரைத் தொடும் இடத்தில். தகடும் கை வைக்க முடியாதபடி சுட்டால் கோளாறு காற்றில். இந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொண்டால் மீதி வேலையில் பாதி முடிந்தது.

தொடர்பு கெடுவதற்கு நான் அதிகமாகப் பார்த்த காரணம், இன்டெல் ப்ராசஸரோடு வரும் கூலரின் நான்கு கறுப்பு பின்கள். ஒவ்வொரு பின்னின் தலையிலும் ஒரு அம்புக்குறி உண்டு. அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்புவது கழற்றுவதற்கு. மாட்டும்போது எதிர்ப்பக்கமாகக் கடைசிவரை திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலைகளாக அழுத்த வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சத்தம் கேட்டதோடு நம்பிவிடாதீர்கள். மதர்போர்டைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நான்கு துளையிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் கால்கள் விரிந்து வெளியே நிற்க வேண்டும். அவற்றின் நடுவில் கறுப்பு முனை தெரிய வேண்டும். கறுப்பு தெரியாத துளை பூட்டாத துளை. கால்கள் வளைந்து ஒரு பக்கமாக மடங்கியிருந்தால் அந்தப் பின் இனி பிடிக்காது.

மார்த்தாண்டத்தில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தம்பி ஒருவன் இன்டெல் ஐ5 12400 ப்ராசஸர் போட்ட சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். தூசி தட்டக் கழற்றி மாட்டியபிறகு இப்படி ஆகிவிட்டதாம். "எனக்கு ஒண்ணும் மனசிலாகலண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். ஓடவிட்டு, ரேம் பக்கத்து மேல்மூலையை விரலால் மெல்ல அழுத்தினேன். திரையில் 96 இருந்தது. அழுத்த அழுத்த எண் இறங்கி 71-ல் வந்து நின்றது. விரலை எடுத்தேன், மறுபடியும் ஏறியது. ஒரே ஒரு பின். "வெப்ராளப்படாத மக்கா, கூலர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பின்னைப் பூட்டிக் கொடுத்தேன்.

பின் எல்லாம் பூட்டியிருந்தும் இதே அறிகுறி என்றால் இன்னும் மூன்று இடம் பார்க்க வேண்டும். ஒன்று, புதுக் கூலரின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாள். உரிக்க மறந்து, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்டை அதன்மேலேயே தடவி மாட்டியவற்றை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு, பொருந்தாத கூலர். இன்டெல் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்கு எல்.ஜி.ஏ. என்று ஒரு எண் உண்டு. பழைய எல்.ஜி.ஏ. 775 போர்டில் கூலர் துளைக்குத் துளை 72 மில்லிமீட்டர். 1156-லிருந்து 1200 வரை 75. 1700-இல் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று இழுத்து மாட்டினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். 1700-இல் ப்ராசஸரின் உயரமும் முன்பைவிடக் குறைவு. அதற்கான கிட் போடாமல் பழைய கூலரை ஏற்றினால் அழுத்தம் போதாது. மூன்று, பேஸ்ட்.

பேஸ்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேஸ்ட் குளிர்விக்கும் பொருள் இல்லை. செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறக்குறைய 400 (வாட்/மீட்டர்-கெல்வின்). அலுமினியத்துக்கு 200-க்கு மேல். நல்ல பேஸ்டுக்கோ பத்துக்குள்தான். ஆனால் காற்றுக்கு 0.026. வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவிலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று உட்காராமல் தடுப்பது மட்டுமே பேஸ்டின் வேலை. அதனால் அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது சரியில்லை. பழைய சதுர ப்ராசஸருக்கு நடுவில் ஒரு சிறு பட்டாணி அளவு. நீளவாக்கிலான 1700 ப்ராசஸருக்கு அதையே ஒரு கோடாக இழுக்கலாம். கூலரின் அழுத்தம் அதைப் பரப்பிக்கொள்ளும். பழைய பேஸ்டைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். கை கழுவும் சானிடைசரில் கிளிசரின் கலந்திருக்கும், அது படலமாகத் தங்கிவிடும். டூத் பேஸ்ட் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் நாள் வேலை செய்வதுபோல் தெரியும், பிறகு காய்ந்து சுண்ணாம்பாகிவிடும்.

அறிகுறி: பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு ஏறிக்கொண்டே போகிறது

இது காற்றுக் கோளாறு. தகடும் சுடும். முதலில் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஐந்தாறு டிகிரிக்குமேல் இறங்கினால் ஹீட் சிங்க்கின்மேல் தப்பில்லை. கேபினெட்டுக்குள் காற்று வருவதோ போவதோ அடைபட்டிருக்கிறது. பின்பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கிறதா, முன்பக்க வலையில் தூசி அடைந்திருக்கிறதா, பின்புற ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

கதவைத் திறந்தும் மாற்றமில்லை என்றால் ஹீட் சிங்க்கிலேயே அடைப்பு. மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். இன்டெல் வட்டக் கூலரில் தூசி சேருவது ஃபேனுக்கு அடியில், தகடுகளின் வாயில். ஃபேனைத் தனியாகக் கழற்றிப் பார்த்தால் கம்பளித் துணி விரித்ததுபோல் ஒரு பாய் படிந்திருக்கும். ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும்.

எந்த ஊரிலிருந்து வந்த சிஸ்டம் என்பதைத் தூசியே சொல்லிவிடும். கயிறு திரிக்கும் இடங்களிலிருந்து வருவதில் தென்னந்தும்பு பின்னிக்கிடக்கும். அது ஊதினால் போகாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வீடுகளிலிருந்து வருவதில் தூசி பிசுபிசுப்பாக இருக்கும். ப்ளோயர் வைத்து ஊதினால் அசையாது. தகட்டைத் தனியாகக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு, முழுசாக உலர்ந்தபின்தான் மாட்ட வேண்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாடிகள் சுற்றும் மாதங்களில் வருவது வறண்ட மண். எளிதில் போகும், எளிதில் மறுபடியும் வரும். மணவாளக்குறிச்சியிலிருந்து வந்த ஒரு ஃபேனைப் பிரித்தபோது ரோட்டரின் உள்விளிம்பில் கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது. அந்தக் கடற்கரை மணலில் இருக்கும் இல்மனைட் என்ற கனிமத்தைக் காந்தம் இழுக்கும். ஃபேன் மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தான்.

ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் அது தாங்கும் வேகத்துக்கு மேல் சுற்றி பேரிங் போய்விடும்.

டவர் கூலர் (நிமிர்ந்து நிற்கும் தகட்டு அடுக்கும் பக்கவாட்டில் ஃபேனும் உள்ளது) என்றால் ஃபேன் திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஃபேனில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். அது கேபினெட்டின் பின்புறத்தைப் பார்த்து நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி முன்பக்கத்தில் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். புகை எங்கே போகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

எல்லாம் சுத்தம், எல்லாம் சரியான திசை, அப்படியும் ஏறுகிறது என்றால்தான் கூலர் போதவில்லை என்ற முடிவுக்கு வரலாம். அங்கேயும் வாட் கணக்கைப் பாருங்கள். ஐ5 12400 பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். முழு வேகத்தில் அது 117 வாட் வரை போகலாம். ஐ7 12700-க்கும் அதே 65 தான் அடிப்படை, உச்சம் 180. சில மதர்போர்டுகள் இந்த உச்சத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்க விட்டுவிடும். பில்லிங், டைப்பிங், இ-சேவை வேலைக்கு அந்த உச்சம் தேவையே இல்லை. பயாஸில் (சிஸ்டம் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புப் பக்கம்) நீண்டநேர வாட் வரம்பை 65 என்று வைத்துவிட்டால் பழைய கூலரே போதும், காசும் மிச்சம். வீடியோ ரெண்டர் செய்பவருக்கு மட்டும் இது பொருந்தாது. அவருக்கு டவர் கூலர் வாங்கச் சொல்வேன். வாங்குமுன் கேபினெட்டின் அகலத்தை அளந்துகொள்ளச் சொல்வேன். 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர்கள் பொதுவாக 155, 160 மில்லிமீட்டர் உயரம். ஒல்லியான கேபினெட்டில் கதவு மூடாது.

அறிகுறி: சூடு இல்லை, ஆனால் சத்தம் தாங்க முடியவில்லை

சத்தத்தை முதலில் காதால் பிரித்துப் பாருங்கள். கதவைத் திறந்து, ஒரு பஞ்சுக் குச்சியால் ஃபேனின் நடுக்குமிழை மெல்ல அழுத்தி இரண்டு நொடி நிறுத்துங்கள். சத்தம் நின்றால் அந்த ஃபேன். நிற்கவில்லை என்றால் அடுத்த ஃபேன். எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஃபேனை மட்டும் தொடாதீர்கள், அந்தப் பெட்டிக்குள் எதையும் விடக்கூடாது.

எப்போது பார்த்தாலும் முழு வேகம் என்றால் ஒயரைப் பாருங்கள். மூன்று ஒயர் ஃபேன் மின்னழுத்தத்தைக் குறைத்தால்தான் மெதுவாகும். நான்காவது ஒயர் உள்ளது பி.டபிள்யூ.எம். சிக்னலுக்குக் கட்டுப்படும். மூன்று ஒயர் ஃபேனை மாட்டிவிட்டு பயாஸில் பி.டபிள்யூ.எம். முறையிலேயே விட்டால் அது கடைசிவரை முழு வேகம்தான். டி.சி. முறைக்கு மாற்றுங்கள். சிபியூ ஃபேன் என்று எழுதிய இடத்தில் மாட்டாமல் பக்கத்து இணைப்பில் மாட்டியிருந்தால், ப்ராசஸர் சூட்டுக்கும் ஃபேன் வேகத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகலாம்.

ஏறி இறங்கி, ஏறி இறங்கி மூச்சு வாங்குவதுபோல் சத்தம் வந்தால் ஃபேனில் பழுது இல்லை. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தாலே ப்ராசஸர் ஒரு நொடி சூடேறும், ஃபேன் பாயும், உடனே அடங்கும். பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தைச் சில நொடிகள் கூட்டுங்கள். 60 டிகிரி வரை ஒரே குறைந்த வேகத்தில் போகும்படி, அங்கே தெரியும் ஃபேன் வேக வரைபடத்தின் கோட்டைப் படுக்க வையுங்கள். காதுக்கு உறுத்துவது சத்தத்தின் அளவைவிட அது மாறிக்கொண்டே இருப்பதுதான். நிலையான சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும்.

டிக் டிக் என்றால் ஏதோ ஒயர் இறக்கையில் தட்டுகிறது. கரகர என்றால் பேரிங். கேபினெட்டைப் படுக்கவைத்துப் பாருங்கள், சத்தம் மாறினால் பேரிங் தேய்ந்துவிட்டது, ஃபேனை மட்டும் மாற்றுங்கள். 'ம்ம்' என்ற ரீங்காரம் வந்தால் கேபினெட் தகட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். நின்றால் அதிர்வு தகட்டுக்குப் போகிறது. ஃபேன் வேகத்தை ஐம்பது, நூறு ஆர்.பி.எம். மாற்றினாலே அது விலகிவிடும். மவுஸை உருட்டும்போது மட்டும் மெல்லிய கீச்சொலி வந்தால் அது ஃபேனே இல்லை. போர்டிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோ இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) போடும் சத்தம். எந்தக் கூலர் மாற்றினாலும் போகாது.

அறிகுறி: நல்ல விலை கொடுத்துப் புதுக் கூலர் போட்டேன், வித்தியாசமே தெரியவில்லை

இதைக் கேட்டு வருபவர்களின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். சிலருக்கு உண்மையிலேயே ஏமாற்றம். பலருக்குக் கூலர் வேலை செய்கிறது, அளந்த முறைதான் தவறு.

முதலில் வாட்டைப் பாருங்கள். பழைய கூலரில் 80 வாட், புதுசில் 110 வாட் என்றால் கிடைத்த கூடுதல் குளிர்ச்சியை ப்ராசஸர் தன் வேகத்தைக் கூட்டப் பயன்படுத்திக்கொண்டது. வெப்பம் அதேதான், வேலை சீக்கிரம் முடிகிறது. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசை ப்ராசஸர்களில் எக்ஸ் வகைகள் முழு வேலையில் 95 டிகிரியை எட்டும்வரை வேகத்தை ஏற்றும்படியே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் எந்தக் கூலர் போட்டாலும் 95-ஐப் பார்க்க நேரிடலாம். இரண்டு கூலரை ஒப்பிட வேண்டுமென்றால் பயாஸில் வாட் வரம்பை ஒரே எண்ணில் பூட்டிவிடுங்கள்.

அடுத்து அறை. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பழைய கூலரைச் சாயங்காலம் சோதித்தீர்கள்: அறை 32, ப்ராசஸர் 74. புதுசை மறுநாள் காலையில் சோதித்தீர்கள்: அறை 27, ப்ராசஸர் 70. நான்கு டிகிரி லாபம் என்று தோன்றும். கழித்துப் பாருங்கள். முதலாவது 42, இரண்டாவது 43. லாபம் இல்லை. இந்த வித்தியாசத்தை வாட்டால் வகுத்தால் இன்னும் தெளிவு. 65 வாட்டுக்கு 42 டிகிரி என்றால், ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 0.65 டிகிரி. இந்த எண் எவ்வளவு சிறிதோ கூலர் அவ்வளவு நல்லது. வேறொருவரின் சிஸ்டத்தில் போட்ட கூலரோடு ஒப்பிடக்கூட இது ஓரளவு உதவும்.

கூலரைக் கழற்றி மறுபடி மாட்டினாலே இரண்டு மூன்று டிகிரி மாறும். பேஸ்ட் பரவுவது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி வித்தியாசத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். பொறுமை இருந்தால் மூன்று தடவை மாட்டிச் சராசரி எடுங்கள்.

இனி சத்தம். கூலர்ப் பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல், பொதுவாக ஃபேனைத் தனியாக, அமைதியான கூடத்தில் அளந்தது. தகடுகளுக்கு முன்னால் வைத்துக் காற்றைத் திணிக்கும்போது வரும் சத்தம் வேறு. அதனால் நாமே அளப்பதுதான் நல்லது. செல்போனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போதும். அது காட்டும் எண் சரியானது என்று நம்ப வேண்டாம். ஆனால் அதே போனை அதே இடத்தில், கேபினெட்டிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தால், எது கூட எது குறைய என்பதைச் சரியாகச் சொல்லும். சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு, ராத்திரி ஊரடங்கிய பிறகு செய்யுங்கள். சிஸ்டத்தை அணைத்தபோது வரும் எண், ஓடும்போது வரும் எண்ணைவிடப் பத்து டெசிபலாவது குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது அறையை. ஐப்பசி மழை நேரத்தில் முயற்சி செய்து பார்த்திருக்கிறேன், தவளைச் சத்தத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

நேர்மையான ஒப்பீடு இப்படித்தான் நடக்க வேண்டும்: பழைய கூலரின் ஃபேனை, மீட்டர் ஒரு குறிப்பிட்ட எண் காட்டும்வரை மெதுவாக்கி அந்த ஆர்.பி.எம்.மில் நிறுத்துங்கள். வித்தியாசத்தை எழுதுங்கள். புதுக் கூலரை மாட்டி, மீட்டர் அதே எண் காட்டும்படி அதன் ஃபேனை வையுங்கள். ஆர்.பி.எம். வேறாக இருக்கும், பரவாயில்லை. இப்போது வித்தியாசத்தை எழுதுங்கள். ஒரே சத்தத்தில் எது அதிகம் குளிர்விக்கிறது என்பது வெட்டவெளிச்சமாகும். முழு வேகத்தில் வைத்துப் பார்த்தால் சின்ன வட்டக் கூலரும் பெரிய டவரும் சில டிகிரிகளில் நெருங்கி நிற்கலாம். சத்தத்தைச் சமமாக்கிய உடனே டவர் எங்கோ போய்விடும். பெரிய தகட்டுப் பரப்புக்கும் பெரிய ஃபேனுக்கும் நாம் கொடுக்கும் விலை அதற்குத்தான்.

ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதில் எவ்வளவு கிடைக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும், சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். பத்து டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். 1500-லிருந்து 1200-க்கு இறக்கினால் ஏறக்குறைய 5 டெசிபல். வெப்பம் பல சமயம் இரண்டு மூன்று டிகிரிதான் கூடும். ஒன்றும் வாங்காமல் கிடைக்கும் அமைதி இது. புதுக் கூலருக்குக் காசு எடுப்பதற்கு முன் இதை எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரே மாதிரி ஃபேன் இரண்டாவதாக ஒன்று சேர்த்தால் கூடுவது 3 டெசிபல்தான் என்பதால், ஒரு ஃபேனை வேகமாக ஓட்டுவதைவிட இரண்டை மெதுவாக ஓட்டுவதும் நல்ல வழி.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே கடை வைத்திருப்பவருக்கு நான் அமைதியான கூலர் விற்க மாட்டேன், லாரிச் சத்தத்தில் அது கேட்கப்போவதே இல்லை. வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவருக்கும், ராத்திரி பிள்ளை தூங்கும் அறையில் வேலை பார்ப்பவருக்கும் அந்த 5 டெசிபல் பெரிய விஷயம்.

அறிகுறி: கழற்றும்போது ப்ராசஸரும் சேர்ந்து வந்துவிட்டது

ஏ.எம்.4 சாக்கெட்டில் உட்காரும் ரைசனில் இது நடக்கும். பேஸ்ட் இறுகி, பூட்டு மூடியிருக்கும்போதே ப்ராசஸர் பிடுங்கிக்கொண்டு வரும். பின்கள் ப்ராசஸரில் இருப்பதால் வளையும் ஆபத்தும் உண்டு. கழற்றுமுன் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்து, ஒயரைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, இளகியது தெரிந்தபின் மேலே எடுங்கள். வந்தேவிட்டால் ப்ராசஸரின் பின்கள் எதிலும் படாமல் மேலே பார்க்கும்படி கூலரை வைத்து, ப்ராசஸரைப் பக்கவாட்டில் திருகி எடுங்கள். கத்தியால் நெம்பக் கூடாது.

அறிகுறி: தகடுகளில் வெள்ளைப் பொடி

கடற்கரைக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். டவர் கூலரில் செம்புக் குழாய்கள் அலுமினியத் தகடுகளைத் துளைத்துக்கொண்டு போகின்றன. உப்பு ஈரம் படிந்தால், இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கும். அதுதான் வெள்ளைப் பொடி. குழாய்க்கும் தகட்டுக்கும் பிடிப்பு தளர்ந்தால், தூசி இல்லாமலே, பேஸ்ட் நன்றாக இருந்துமே வெப்பம் வருஷா வருஷம் ஏறும்.

குளச்சலில் கடற்கரைச் சாலையில் இ-சேவை மையம் நடத்தும் தங்கச்சி ஒருத்தி கொண்டுவந்த கூலர் அப்படிப்பட்டது. தகடு ஓரங்கள் வெளுத்திருந்தன, ஸ்க்ரூக்கள் துருவேறியிருந்தன. குழாய்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஹீட் பைப்புக்குள் கொஞ்சம் தண்ணீரை அடைத்துக் காற்றை வெளியேற்றியிருப்பார்கள். சூடுபட்ட இடத்தில் அது ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் போய்த் தண்ணீராகி, உட்சுவர் வழியாகத் திரும்பி வரும். அதனால் சூடு நொடிகளில் மேலே ஏறிவிட வேண்டும். ஒரு டம்ளரில் சுடுதண்ணீர் எடுத்து, ஃபேன் கழற்றிய கூலரின் அடிப்பாகத்தை அதில் முக்கி, மேலே நீட்டிக்கொண்டிருந்த நான்கு குழாய் முனைகளையும் அவளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்று உடனே சுட்டன. நான்காவது குளிர்ந்தே இருந்தது. "இது செத்துப் போச்சாண்ணே?" என்றாள். செத்துத்தான் போயிருந்தது.

அவள் வேலைக்கு டவர் தேவையே இல்லை. வாட் வரம்பை 65-ல் வைத்து, ஒரே வார்ப்பாக வரும் சாதாரண அலுமினியக் கூலரை மாட்டினேன். இணைப்புகள் குறைவாக இருப்பதால் உப்பு அரிக்கும் இடமும் குறைவு. கடலோரத்தில் டவர்தான் வேண்டும் என்பவர்கள் குழாயும் தகடும் நிக்கல் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள். கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள்.

அவளுடைய கேபினெட்டின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நான்கு எண்ணையும் அதில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆவணியில் எழுதியதில் வித்தியாசம் 41. மாசியில் எழுதியதில் 43. இரண்டு டிகிரிதானே என்று நான் சொல்வதற்குள், ஃபேனைக் கழற்றி அடியில் இருந்த தூசிப் பாயை அவளே உரித்து எடுத்திருந்தாள்.